எல்லா ஓ.எஸ். பக்கும் பாதுகாப்பு ஓட்டைதானா? அடிக்கடி வரும் கேள்விகள்

சர்வர் பார்த்துக்கொள்பவர்கள், கல்லூரி லேப் நடத்துபவர்கள், வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் போட்டவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் லினக்ஸ் கெர்னலிலிருந்து, அதாவது ஓ.எஸ்.ஸின் மையப் பகுதியிலிருந்து, வருகின்றன. தேவைப்படும் இடத்தில் விண்டோஸும் வரும்.

பக் வேற, செக்யூரிட்டி ஓட்டை வேற இல்லையா?

எழுதியவர் நினைத்தபடி நடக்காத எதுவும் பக். அதை ஒருவர் வேண்டுமென்றே தூண்டி, தனக்கு இல்லாத அதிகாரத்தைப் பிடிக்க முடிந்தால் அது ஓட்டை. சாதாரண பயனர் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) ஆவது, ஒருவர் கோப்பை இன்னொருவர் படிப்பது, கண்டெய்னர் என்ற தனித் தடுப்புக்குள் இருப்பவர் வெளியே வருவது, நெட்வொர்க்கில் எங்கோ இருப்பவர் நம் மெஷினை விழவைப்பது எல்லாம் இதில் அடங்கும்.

ஒரு பட எடிட்டரில் இருக்கும் தப்பான வரி எரிச்சலோடு போய்விடலாம். அதே வரி கெர்னலில் இருந்தால் கதை வேறு. ஒரு பயனருக்கும் இன்னொருவருக்கும் நடுவே வேலி போடுவதே கெர்னல்தான். அங்கே எந்தத் தப்பு நடந்தாலும் வேலிக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது.

லேப்டாப் அடிக்கடி ஹேங் ஆகுது. யாராவது உள்ள புகுந்துட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. கிராபிக்ஸ் டிரைவர், பழுதான ரேம், சூடு ஆகிய மூன்றையும் முதலில் சந்தேகப்படுங்கள். ஜர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய பூட்டின் கெர்னல் பதிவை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஃபங்ஷன் பெயரில் விழுந்தால் டிரைவர் பக்காக இருக்கும். ஒரு தடவை ஃபைல் சிஸ்டத்தில், அடுத்த தடவை நெட்வொர்க்கில் என்று இடம் மாறி மாறி விழுந்தால் ரேமைச் சோதிக்க வேண்டும். மெம்டெஸ்ட்டை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். 'மெஷின் செக்' என்று வரி இருந்தால் அது ஹார்ட்வேர் கொடுக்கும் புகார்.

உள்ளே புகுந்தவருக்கு மெஷின் அமைதியாக ஓடுவதுதான் வசதி. ஒரு விதிவிலக்கு உண்டு: தாக்குதல் முயற்சி பாதியில் தவறினால் 'கெர்னல் ஊப்ஸ்' என்ற பிழைப் பதிவு விழும். அந்தப் பதிவில் எந்த புராசஸ் ஓடிக்கொண்டிருந்தது என்று பெயர் இருக்கும். வெப் சர்வரின் பயனர் கணக்கில், நீங்கள் நிறுவாத ஏதோ ஒரு பெயர் அங்கே தெரிந்தால் விஷயம் சீரியஸ்.

சும்மா கிராஷ் ஆகுற பக்தானே, அதுல என்ன ஆபத்து?

தற்செயலாக நடந்தால் கிராஷ். ஒருவர் திட்டமிட்டு நடத்தினால் அதே பக் அதிகாரம் கொடுக்கும். கெர்னல் 192 பைட் நினைவகத் துண்டு ஒன்றை விடுவித்துவிடுகிறது, ஆனால் அதைச் சுட்டும் பாயிண்டர் (முகவரிக் குறிப்பு) ஒன்று எங்கோ மிச்சம் இருக்கிறது என்று வையுங்கள். காலி செய்த வீட்டின் சாவி பழைய குடித்தனக்காரர் கையிலேயே இருப்பது மாதிரி. தாக்குபவர் அதே அளவுள்ள பொருள்களை நூற்றுக்கணக்கில் கெர்னலில் உருவாக்கவைக்கிறார். அதில் ஒன்று காலியான அந்த இடத்தில் போய் உட்காரும். உள்ளே இருப்பது இப்போது அவர் எழுதிய தரவு. கெர்னல் பழைய பாயிண்டரை நம்பி, அங்கே இருக்கும் முகவரிக்குத் தாவுகிறது.

இதே பக் சாதாரண பயன்பாட்டில் எப்போதாவது ஒரு கிராஷாக மட்டுமே தெரியும். அதனால்தான் 'வெறும் கிராஷ்' என்று எழுதப்பட்ட புகாரை வைத்து ஆபத்தை அளக்க முடிவதில்லை. தாங்கள் ஆண்டுதோறும் சரிசெய்யும் ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத் தவறுகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது.

நல் பாயிண்டர் பக் கூடவா? அது வெறும் ஊப்ஸ்தானே?

நல் பாயிண்டர் என்பது எதையும் சுட்டாத, பூஜ்ஜிய முகவரி கொண்ட பாயிண்டர். அது ஆபத்தில்லை என்றுதான் 2009 வரை பலரும் நினைத்தார்கள். அந்த ஆண்டு லினக்ஸின் 'டன்' என்ற மெய்நிகர் நெட்வொர்க் டிரைவரில் வெளிவந்த ஓட்டையைப் பாருங்கள். மூல நிரலில் முதல் வரி 'டன்' பாயிண்டருக்குள் இருந்து ஒரு மதிப்பை எடுக்கிறது. அடுத்த வரிதான் அந்த பாயிண்டர் காலியா என்று சோதிக்கிறது. நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் இதைப் பார்த்து, 'முதல் வரியிலேயே பயன்படுத்திவிட்டார்கள், அப்படியானால் காலியாக இருக்க வாய்ப்பில்லை' என்று முடிவு கட்டி, சோதனையையே நீக்கிவிட்டது. மூல நிரலைப் படிப்பவர் கண்ணுக்குச் சோதனை தெரிகிறது. ஓடும் கெர்னலில் அது இல்லை. பூஜ்ஜிய முகவரியில் நினைவகத்தை ஒதுக்கிக்கொண்ட பயனர் இதை வைத்து ரூட் ஆக முடிந்தது. அதன் பிறகு கெர்னலைக் கம்பைல் செய்யும்போது இந்த நீக்கத்தைத் தடுக்கும் கொடி சேர்க்கப்பட்டது.

இப்போது பூஜ்ஜியப் பக்கத்தைச் சாதாரணப் பயனர் ஒதுக்க முடியாது. பல டிஸ்ட்ரோக்களில் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகளில்) முதல் 65,536 பைட் பூட்டியே இருக்கும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஊப்ஸ் விழும்போது அந்த புராசஸ் பிடித்து வைத்திருந்த ரெஃபரன்ஸ் எண்ணிக்கை (ஒரு பொருளை எத்தனை இடம் பயன்படுத்துகிறது என்ற கணக்கு) விடுவிக்கப்படாமல் நின்றுவிடும். ஊப்ஸைப் பல நாள் திரும்பத் திரும்ப விழவைத்தால் 32 பிட் எண்ணிக்கை நிரம்பிச் சுழன்று, மேலே சொன்ன 'காலி வீட்டுச் சாவி' நிலைக்கு வரும் என்று கூகுளின் ஓட்டை தேடும் குழுவான புராஜெக்ட் ஜீரோவின் சேத் ஜென்கின்ஸ் 2023இல் காட்டினார். அதனால்தான் 6.2 கெர்னலில் ஊப்ஸ் வரம்பு வந்தது: 10,000 ஊப்ஸ் ஆனால் கெர்னல் தானே பேனிக் ஆகி, மொத்தமாக நின்றுவிடும்.

ஒரு பக் இன்னைக்கு ஆபத்தில்லன்னா நாளைக்கும் ஆபத்தில்லதானே?

டர்ட்டி பைப் என்ற லினக்ஸ் ஓட்டையின் கதையைக் கேட்டால் இந்த நம்பிக்கை போய்விடும். ஜெர்மனியில் ஒரு வெப் ஹோஸ்டிங் நிறுவனத்தில் வேலை பார்த்த மாக்ஸ் கெல்லர்மனுக்கு 2021 ஏப்ரலில் ஒரு புகார் வந்தது: ஜிஜிப்பில் சுருக்கிய லாக் கோப்பு விரிக்கும்போது சிஆர்சி (கோப்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) பிழை காட்டுகிறது. இதே புகார் மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் வந்தது. கெட்டுப்போன கோப்புகளில் கடைசி 8 பைட் மட்டும் மாறியிருந்தது. அந்த 8 பைட் ஒரு ஜிப் கோப்பின் தலைப்பு. லாக்குகளை ஒன்றுசேர்த்து ஜிப்பாகக் கொடுத்த புராசஸுக்கு அந்தக் கோப்புகளில் எழுதும் அனுமதியே கிடையாது. அனுமதி இல்லாத புராசஸ் எப்படி எழுதியது என்று துருவிப் போனபோதுதான், படிக்க முடிந்த எந்தக் கோப்பின் பேஜ் கேஷையும் (நினைவகத்தில் இருக்கும் நகலையும்) சாதாரணப் பயனர் மாற்றலாம் என்பது தெரிந்தது. சிவிஇ-2022-0847 என்ற ஓட்டை அடையாள எண்ணில் 2022 மார்ச் 7 அன்று வெளிவந்தது.

இந்தக் கேள்விக்கான பதில் அதன் வயதில் இருக்கிறது. பைப் (ஒரு புராசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு போகும் குழாய்) பஃபரின் கொடிகளைப் பூஜ்ஜியமாக்க மறந்த தவறு 2016இல், 4.9 கெர்னலில் நுழைந்தது. அப்போது அந்த இடத்தில் ஆபத்தான கொடி எதுவும் இல்லாததால் அதை வைத்து யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. 2020இல் 5.8 கெர்னலுக்காக வேறு ஒருவர், வேறு காரணத்துக்காக, 'இந்த பஃபரில் சேர்த்து எழுதலாம்' என்ற கொடியைக் கொண்டுவந்தார். அந்த மாற்றத்திலும் தனியாகப் பார்த்தால் தப்பில்லை. இரண்டும் சேர்ந்தபோது ரூட் ஓட்டை பிறந்தது. 2016இலேயே அந்தச் சில்லறைத் தவறை யாராவது திருத்தியிருந்தால் டர்ட்டி பைப் என்ற பெயரே வந்திருக்காது.

சரிபண்ணும்போதே 'இது செக்யூரிட்டி பேட்ச்'னு முத்திரை போட்டா போதாதா? அதை மட்டும் எடுத்துக்கலாமே?

முத்திரை போடுபவருக்கே தெரியாதபோது என்ன செய்வது? லினக்ஸ் புரோகிராம்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் ஜிலிப்சி நூலகத்தில் 2000ஆம் ஆண்டிலிருந்து இருந்த ஒரு பஃபர் வழிதல் (ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதும் தவறு), 2013 மே மாதம் சாதாரண பக்காகத் திருத்தப்பட்டது. பாதுகாப்புத் திருத்தம் என்று யாரும் குறிக்கவில்லை. நீண்டகால ஆதரவு டிஸ்ட்ரோக்கள் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பின்னோக்கிக் கொண்டுபோவது வழக்கம் என்பதால் டெபியன் 7, ரெட்ஹாட் 6, 7, உபுண்டு 12.04 ஆகியவை பழைய நிரலோடே நின்றன. 2015 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதற்கு 'கோஸ்ட்' என்று பெயர் வைத்து, மெயில் சர்வரில் தொலைவிலிருந்தே நிரல் ஓட்டலாம் என்று காட்டியது. மருந்து கடைக்கு வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியும் நோயாளிக்குப் போய்ச் சேரவில்லை.

பொறுக்கி எடுக்கும் பழக்கம் இதனால்தான் எங்களுக்கு உடன்பாடில்லை. ஸ்டேபிள் (திருத்தங்கள் மட்டும் சேரும்) கெர்னல் வெளியீட்டில் வரும் திருத்தங்கள் ஒன்றாகச் சோதிக்கப்பட்டவை. அதிலிருந்து நான்கை மட்டும் உருவிப் போட்டால், உலகில் வேறு யாரும் ஓட்டாத ஒரு கெர்னலை நீங்கள் தனியாக ஓட்டுகிறீர்கள்.

லினஸ் டோர்வால்ட்ஸே 'செக்யூரிட்டி பக் சாதாரண பக்தான்'னு சொன்னாரே. அவருக்கே அக்கறை இல்லையா?

லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் 2008இல் எழுதியதன் சாரம், பாதுகாப்புப் பக்குகளுக்குத் தனி மேடை போட்டுக் கொண்டாடாதீர்கள், எல்லாப் பக்கையும் திருத்துங்கள் என்பது. இதற்கு எதிர்க்கரை என்று நினைக்கப்படும் ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு ஓ.எஸ்.ஸின் குழுவும் செயலில் இதையேதான் செய்கிறது. 1996 முதல் அவர்கள் நிரலை வரிவரியாகப் படித்து, தப்பு தெரிந்தால் அதைத் தாக்க முடியுமா என்று ஆராயாமலே திருத்திவிடுகிறார்கள். ஒரு வகைத் தவறு கண்ணில் பட்டால் அதே வகையை நிரல் முழுவதும் தேடுகிறார்கள். ஆராய்வதற்கு ஆகும் நேரத்தில் பத்துத் திருத்தம் முடிந்துவிடும்.

டோர்வால்ட்ஸ் சொன்னதில் ஒரு குறை உண்டு. அவர் திருத்துபவர் இடத்திலிருந்து பேசுகிறார். ஐம்பது சர்வரை எப்போது ரீபூட் செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு 'எல்லாம் பக்தான்' என்ற பதில் சோறு போடாது. அவருக்கான பதில் கீழே வருகிறது.

2024லேர்ந்து லினக்ஸுக்கு சி.வி.இ. கொட்டோ கொட்டுனு கொட்டுதே. தரம் குறைஞ்சிடுச்சா?

மாறியது எண் கொடுக்கும் முறை. சி.வி.இ. என்பது ஓர் ஓட்டைக்கு உலகம் முழுக்க வழங்கும் ஒரே அடையாள எண். 2024 பிப்ரவரியில் கெர்னல் குழுவே தன் நிரலுக்கு இந்த எண்களைக் கொடுக்கும் உரிமையைப் பெற்றது. அவர்கள் நிலைப்பாடு தெளிவு: கெர்னல் இருக்கும் இடத்தைப் பார்த்தால் ஏறக்குறைய எந்தப் பக்கும் தாக்கத்தக்கதாக ஆகலாம், திருத்தும் நேரத்தில் அது பெரும்பாலும் தெரியாது, ஆகவே சந்தேகம் இருந்தால் எண் கொடுத்துவிடுவோம். திருத்தம் ஸ்டேபிள் கிளைக்கு வந்த பிறகுதான் எண் கிடைக்கும்.

சிலருக்கு இது எரிச்சல். 'வார்ன்' (எச்சரிக்கை) செய்தி அச்சிடும் பக்குக்குக்கூட எண் வருகிறதே என்பார்கள். வார்ன் வந்தாலே பேனிக் ஆகும்படி அமைத்த மெஷின்கள் உண்டு. அங்கே சாதாரணப் பயனர் தூண்டும் ஒரு வார்ன் முழு மெஷினையும் விழவைக்கும். உங்கள் மெஷின் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பது எண் கொடுப்பவருக்குத் தெரியாது.

எங்க ஸ்கேனர் ஒரே சர்வர்ல நூத்துக்கணக்குல ஓட்டை காட்டுது. எல்லாத்தையும் தனித்தனியா பார்க்கணுமா?

வேண்டாம். முதலில், ஸ்கேனர் வெறும் பதிப்பு எண்ணைப் பார்த்துப் புலம்புகிறதா என்று பாருங்கள். ரெட்ஹாட் 9இன் கெர்னல் 5.14 என்றுதான் காட்டும், ஆனால் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான திருத்தங்கள் அதில் சேர்ந்திருக்கும். உங்கள் டிஸ்ட்ரோவின் அறிவிப்புப் பட்டியலோடு ஒப்பிடும்படி ஸ்கேனரை அமைத்தால் பட்டியல் பெரிதும் குறையும். அடுத்து, ஓடும் கெர்னலும் நிறுவிய கெர்னலும் ஒன்றா என்று பாருங்கள். பேட்ச் போட்டு ரீபூட் செய்யாமல் விட்ட சர்வர்களே பல இடங்களில் பாதிப் பட்டியல்.

மிச்சத்துக்கு இரண்டு கேள்வி போதும்: அந்த நிரல் என் மெஷினில் இருக்கிறதா, அதை யார் தொட முடியும்? பூட் அடைவில் உள்ள கான்ஃபிக் கோப்பில் அந்த அம்சம் அணைக்கப்பட்டிருந்தால் அந்த ஓட்டை உங்களுக்கு இல்லை. தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் மாட்யூலாக இருந்தால் எச்சரிக்கை தேவை: இப்போது ஏறவில்லை என்பதால் பாதுகாப்பு என்று ஆகாது. 2017இல் வெளிவந்த டிசிசிபி என்ற நெட்வொர்க் புரோட்டோகாலின் ஓட்டை 2005 முதல் இருந்த நிரலில் இருந்தது. யாருமே பயன்படுத்தாத புரோட்டோகால்தான், ஆனால் சாதாரணப் பயனர் ஒரு சாக்கெட் திறந்தால் கெர்னல் தானாகவே அந்த மாட்யூலை ஏற்றிவிடும். மாட்யூல் அமைப்புக் கோப்பில் வெறும் 'பிளாக்லிஸ்ட்' வரி போட்டால், பெயர் சொல்லி ஏற்றுவதையோ இன்னொரு மாட்யூல் இழுத்துக்கொண்டு வருவதையோ அது தடுக்காது. 'இன்ஸ்டால்' வரியில் மாட்யூல் பெயருக்கு எதிரே 'ஃபால்ஸ்' கட்டளையின் முழுப் பாதையைக் கொடுத்தால் அந்த வழிகளும் அடைபடும்.

சிவிஎஸ்எஸ் 9க்கு மேலன்னா இன்னைக்கு ராத்திரியே ரீபூட்டா?

சிவிஎஸ்எஸ் என்பது ஓட்டையின் தீவிரத்துக்கு 10க்குப் போடும் மதிப்பெண். அதை மட்டும் பார்த்து ஓடாதீர்கள். 2022 டிசம்பரில் கேஎஸ்எம்பிடி ஓட்டைக்கு, ஓட்டைகளைச் சேகரித்து அறிவிக்கும் ஜீரோ டே இனிஷியேட்டிவ் 10க்கு 10 போட்டது. ஆனால் விண்டோஸ் பகிர்வுக்குப் பெரும்பாலானோர் ஓட்டுவது சாம்பா, கெர்னலுக்குள் இருக்கும் கேஎஸ்எம்பிடி அல்ல. மறுபக்கம், 7.8 வாங்கிய டர்ட்டி பைப், பலர் ஷெல் வைத்திருக்கும் ஹோஸ்டிங் சர்வரில் அன்றே பேட்ச் போட வேண்டிய சமாசாரம். கெர்னலின் ஃபயர்வால் பகுதியான நெட்ஃபில்டரின் சிவிஇ-2024-1086க்கும் 7.8தான். 2024 மே மாத இறுதியில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா அதை 'நிஜத்தில் தாக்கப்படுபவை' பட்டியலில் சேர்த்தது.

எங்கள் வழக்கம் இது: சிசா பட்டியலில் ஏறியது, உங்கள் மெஷினில் இருப்பது, வெளியாளோ நம்பிக்கையில்லாத பயனரோ தொடக்கூடியது ஆகிய மூன்றும் பொருந்தினால் இரவானாலும் ரீபூட். மற்ற அத்தனையும் மாதம் ஒருமுறை குறித்துவைத்த ரீபூட்டில் மொத்தமாகப் போகட்டும். நெட்வொர்க்கிலிருந்து நேராகத் தொடக்கூடிய நினைவகத் தவறு என்றால் மட்டும் பட்டியலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

பேட்ச் போட்டாலே ஏதாவது உடையுது. போடாம இருக்கிறதே மேல் இல்லையா?

விண்டோஸின் எஸ்எம்பி (கோப்புப் பகிர்வு) ஓட்டைக்கு 2017 மார்ச் 14 அன்றே பேட்ச் வந்துவிட்டது. வான்னகிரை புழு கிளம்பியது மே 12. அந்த இரண்டு மாதம் 'எதுக்கு வம்பு' என்று சும்மா இருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

உடைவது உண்மை, ஆனால் உடையும் இடங்கள் தெரிந்தவைதான். பூட் பகிர்வு நிரம்பியிருந்தால் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் கோப்பு) உருவாவது பாதியில் நின்று, அடுத்த பூட்டில் ரூட் ஃபைல் சிஸ்டம் கிடைக்காமல் பேனிக் ஆகும்; அப்டேட்டுக்கு முன் பழைய கெர்னல்களில் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு மற்றதை நீக்குங்கள். என்விடியா, இசட்எஃப்எஸ் போன்ற வெளி மாட்யூல்கள் புதிய கெர்னலுக்குக் கம்பைல் ஆனதா, செக்யூர் பூட் இருந்தால் கையெழுத்தானதா என்று ரீபூட்டுக்கு முன்பே பாருங்கள். தொலைவில் இருக்கும் சர்வர் என்றால் கிரப் பூட்லோடரில் புதிய கெர்னலை 'ஒரு முறை மட்டும்' என்று அமையுங்கள். அது எழவில்லை என்றால் பவரை அணைத்துப் போட்டதும் பழையதுக்குத் திரும்பிவிடும். முதலில் ஒரே ஒரு மெஷின், ஒரு நாள் கழித்து பத்தில் ஒன்று, அப்புறம் மிச்சம். ரீபூட் இல்லாமலே ஓடும் கெர்னலைத் திருத்தும் லைவ்பேட்ச் நல்ல கருவிதான், ஆனால் தேர்ந்தெடுத்த சில ஓட்டைகளை மட்டுமே அது அடைக்கும்; மேலே கோஸ்டில் பார்த்த பொறுக்கியெடுக்கும் சிக்கல் இதிலும் உண்டு.

யாரும் தாக்கல, தானா விழுந்துச்சுன்னா அதுவும் செக்யூரிட்டியா?

விழும் நேரத்தை வெளியாள் ஒருவர் தேர்ந்தெடுக்க முடியுமா என்று கேளுங்கள். விண்டோஸ் 95 தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் நின்றுபோகும்; 32 பிட் மில்லிசெகண்ட் எண்ணி அப்போது நிரம்பிவிடும். அதை அவசரப்படுத்த யாராலும் முடியாது. அது நம்பகத்தன்மைப் பக், அவ்வளவுதான். அதே எண்ணியை ஒரு நெட்வொர்க் பாக்கெட் அனுப்பி நிரப்ப முடிந்திருந்தால் ஓட்டை.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத்திரையில் நிறுத்தியது. 20 உள்ளீடு வந்த இடத்தில் 21ஆவதைப் படிக்கப் போன, எல்லை தாண்டிய வாசிப்பு அது. தாக்குபவர் யாரும் இல்லை. ஆனால் விமான நிலையத்தில் நின்றவருக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்? எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்பதைவிட, கெர்னலுக்குள் ஓடும் நிரலுக்கு மற்ற அப்டேட்டுகள் மாதிரியே படிப்படியான வெளியீடு இருந்ததா என்று கேட்பது உருப்படியான கேள்வி.

ரூட்டா இருந்தாதான் தூண்ட முடியும்னா அது ஓட்டையே இல்லதானே?

விண்டோஸில் நிர்வாகியிலிருந்து கெர்னலுக்குத் தாவுவதைப் பாதுகாப்பு எல்லை மீறலாக மைக்ரோசாஃப்ட் எண்ணுவதில்லை. நிர்வாகி ஏற்கெனவே எல்லாம் செய்யக்கூடியவர் என்பது வாதம். லினக்ஸில் இந்த வாதம் ஓர் இடத்தில் வழுக்கும். யூசர் நேம்ஸ்பேஸ் திறந்திருந்தால் சாதாரணப் பயனர் தனக்கென்று ஒரு குட்டி உலகம் உருவாக்கி, அதற்குள் ரூட் ஆகலாம். வெளியே அவருக்கு அதிகாரம் இல்லை, ஆனால் 'ரூட் மட்டும்' தொடக்கூடிய நெட்ஃபில்டர் நிரல் இப்போது அவர் கைக்கு எட்டும். மேலே சொன்ன சிவிஇ-2024-1086 இந்த வழியாகத்தான் ஆபத்தானது. உபுண்டு 24.04 இதை ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பின் மூலம் கட்டுப்படுத்துகிறது. கண்டெய்னர், பிரவுசர் சாண்ட்பாக்ஸ் எதுவும் ஓட்டாத சர்வரில் இந்த வசதியை மூடிவிடலாம்.

ஊப்ஸ் வந்தா உடனே பேனிக் ஆகுற மாதிரி வெச்சிடலாமா?

பலர் பகிரும் சர்வரில் வைக்கலாம். குழம்பிய கெர்னல் தொடர்ந்து ஓடுவதைவிட ரீபூட் ஆவது மேல். கிளஸ்டரில் இன்னொரு மெஷின் வேலையை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒற்றை மெஷினாக இருந்தால் ஒவ்வொரு சின்ன டிரைவர் பக்கும் சேவை நிறுத்தமாக மாறும் என்பதைத் தெரிந்துகொண்டு வையுங்கள்.

போனுக்கு அப்டேட் வருது, ஆனா கெர்னல் திருத்தமும் அதுல வருதான்னு எப்படித் தெரியும்?

ஆண்ட்ராய்டு அமைப்புகளில் பாதுகாப்பு பேட்ச் நிலை என்ற தேதி இருக்கும். 1ஆம் தேதி என்று முடிந்தால் அந்த மாதத்தின் ஆண்ட்ராய்டு திருத்தங்கள் மட்டும். கெர்னல், சிப் டிரைவர் திருத்தங்களும் சேர்ந்திருந்தால் 5ஆம் தேதி காட்டும்.

நானே ஒரு கெர்னல் பக் கண்டுபிடிச்சேன். ஓட்டையான்னு தெரியல. பொதுவுல போடலாமா?

முதலில் கூகுளின் சிஸ்பாட் பக்கத்தில் அந்த ஃபங்ஷன் பெயரைத் தேடுங்கள். தானியங்கிச் சோதனை ஏற்கெனவே பிடித்திருந்தால் அது ஊரறிந்த விஷயம், வழக்கமான மெயிலிங் லிஸ்ட்டிலேயே எழுதலாம். இல்லையென்றால், சாதாரணப் பயனராக உங்களால் தூண்ட முடிகிறதா என்று ஒரு முறை முயன்று பாருங்கள். முடிந்தால் கெர்னல் பாதுகாப்புக் குழுவுக்குத் தனியாக எழுதுங்கள். எச்டிஎம்எல் இல்லாத வெற்று மின்னஞ்சலில் கெர்னல் பதிப்பு, கான்ஃபிக், முழு ஊப்ஸ் பதிவு, தூண்டும் சிறிய சி நிரல் எல்லாம் இருக்கட்டும். ஊப்ஸில் வரும் முகவரிகளை வரி எண்ணாக மாற்றும் ஸ்கிரிப்ட் கெர்னல் மூலத்திலேயே இருக்கிறது. அதை ஓட்டிய பிறகு அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும்.

திருத்தம் தயாரானதும் அதிகபட்சம் 7 நாள், விதிவிலக்காக 14 நாள் மட்டுமே ரகசியமாக வைப்பார்கள். ஓட்டைக்கு எண் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்க வேண்டாம். மேலே சொன்னபடி அது திருத்தத்துக்குப் பிறகுதான் வரும்.